ஒரு பொருளில் தொடங்குங்கள்: பன்னாட்டு வர்த்தகப் பேச்சுவார்த்தையாளராக உருவாகும் வழி

2001 நவம்பரில் கத்தாரின் தலைநகர் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் நான்காவது அமைச்சர்கள் மாநாடு நடந்தது. இந்தியாவின் வணிகம், தொழில் துறை அமைச்சராக இருந்த முரசொலி மாறன் அங்கே கடைசி வரை விட்டுக்கொடுக்காமல் நின்றது ஒரு சிறிய சொற்றொடருக்காக. முதலீடு, வணிகப் போட்டி, அரசுக் கொள்முதலில் வெளிப்படைத்தன்மை, துறைமுக, சுங்க நடைமுறைகளை எளிதாக்குதல் ஆகிய நான்கையும் பேச்சுவார்த்தைக்குள் கொண்டுவர வளர்ந்த நாடுகள் முனைந்தன. 1996 சிங்கப்பூர் மாநாட்டில் எழுந்தவை என்பதால் இவற்றுக்குச் சிங்கப்பூர் விவகாரங்கள் என்றே பெயர். அடுத்த மாநாட்டில் 'வெளிப்படையான ஒருமித்த கருத்து' எட்டப்பட்டால்தான் இவற்றின் மீது பேச்சு தொடங்கும் என்ற வாசகம் பிரகடனத்தில் ஏறியது. அத்துடன் நில்லாமல், அந்தச் சொற்றொடரின் பொருளை மாநாட்டுத் தலைவரே அவையில் விளக்க வேண்டும் என்று இந்தியா கேட்டது. ஓர் உறுப்பு நாடு இணங்காதவரை பேச்சு தொடங்காது என்னும் பொருளில் அவரும் விளக்கினார். 2003 செப்டம்பரில் கான்கன் மாநாடு முறிந்தது. 2004இல் நான்கில் மூன்று கைவிடப்பட்டன. எஞ்சிய ஒன்று மட்டும் 2013இல் பாலித் தீவில் ஒப்பந்தமாகி, 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது.

வர்த்தகப் பேச்சுவார்த்தை என்றால் மேடைப் பேச்சுத் திறன், கோட்டு, கைகுலுக்கல் என்று நினைத்துக்கொண்டு இத்துறைக்கு வர விரும்பும் இளைஞர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். இத்தொழிலின் பெரும்பகுதி வாசிப்பு. ஒரு பொருள் எங்கே விளைகிறது, யார் செய்கிறார், எந்த எண்ணின் கீழ் சுங்கத்தில் பதிவாகிறது, ஒப்பந்தத்தின் எந்தச் சொல் அதைத் தொடுகிறது என்று தொடர்ந்து படித்தவரிடம்தான், நள்ளிரவில் திருத்தப்பட்ட வரைவு வந்து விழும்போது, எந்த வரியில் கை வைக்க வேண்டும் என்ற தெளிவு இருக்கும்.

ஆகவே படிப்பு, தேர்வு, பணி ஆகியவற்றுக்குப் போகும் முன், ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்பது என் முதல் அறிவுரை. மஞ்சள், இறால், தேயிலை, தோல் காலணி, பின்னலாடை என எதுவாகவும் இருக்கலாம். உங்கள் ஊரில் கண்ணால் பார்க்கக்கூடியதாக இருந்தால் நல்லது. இந்தக் கட்டுரைக்குத் திருப்பூரில் தைக்கப்படும் ஒரு பருத்தி டி-சர்ட்டை எடுத்துக்கொள்வோம்.

எண்ணைக் கற்றல்

உலகச் சுங்க அமைப்பு வகுத்து 1988 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.எஸ். என்னும் சரக்கு வகைப்பாட்டில் எல்லாச் சரக்குக்கும் ஆறு இலக்க எண் உண்டு. அந்த ஆறு இலக்கமும் ஏறக்குறைய உலகம் முழுவதும் ஒன்றே. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயத்தைக் குறிக்கும். பின்னல் துணியால் ஆன ஆடைகள் 61ஆம் அத்தியாயத்திலும், நெய்த துணியால் ஆனவை 62ஆம் அத்தியாயத்திலும் வருகின்றன. டி-சர்ட்டுக்கு 6109, அதில் பருத்தியாலானது 6109.10. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. இந்தியா எட்டு இலக்கம் வரை போகிறது. இந்த எண்ணை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் மற்ற எல்லாக் கதவுகளும் திறக்கும். பன்னாட்டு வர்த்தக மையத்தின் டிரேடு மேப், ஐ.நா.வின் காம்டிரேடு, உலக வங்கியின் விட்ஸ் போன்ற தரவுத்தளங்களில் அந்த எண்ணைக் கொடுத்து, எந்த நாடு எவ்வளவு விற்கிறது, யார் யாரிடம் வாங்குகிறார்கள், எந்த எல்லையில் எவ்வளவு வரி என்று பார்க்கப் பழக வேண்டும். இதற்கு ஆசிரியர் தேவையில்லை. ஒரு மாத மாலை நேரங்கள் போதும்.

அடுத்து, ஒரே பொருளுக்கு இரண்டு வரிகள் உண்டு என்பதை அறிய வேண்டும். சுங்கத்தில் இன்று வசூலிக்கப்படுவது நடைமுறை வரி. இதற்கு மேல் போகமாட்டேன் என்று உலக வர்த்தக அமைப்பில் ஒரு நாடு எழுதிக் கொடுத்திருப்பது உச்சவரம்பு வரி. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் அந்த நாட்டின் கொள்கைக்கு மூச்சுவிடும் இடம். வேளாண் பொருள்களுக்கு இந்தியாவின் உச்சவரம்பு சராசரியாக 100 சதவீதத்துக்கும் மேல். நடைமுறை வரியோ அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் சராசரி எப்போதும் ஏமாற்றும். பாமாயிலுக்கு இந்தியா எழுதிக் கொடுத்த வரம்பு 300 சதவீதம். சோயா எண்ணெய்க்கு வெறும் 45. உள்நாட்டு எண்ணெய்வித்து உழவரைக் காக்க வேண்டிய ஆண்டுகளில் அரசு பாமாயில் வரியை விரும்பிய மட்டும் உயர்த்த முடிந்தது. சோயா எண்ணெய் வரியை 45க்கு மேல் நகர்த்த முடியவில்லை. ஒரே சமையலறையில் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று இறங்கும் இரண்டு எண்ணெய்களுக்கு இப்படி வெவ்வேறு வரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதைக் கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல பேச்சுவார்த்தையாளர். பயிற்சியாக, நீங்கள் தேர்ந்த பொருளுக்கும் அதன் மாற்றுப் பொருள்களுக்கும் இப்படி ஓர் அட்டவணை எழுதிப் பாருங்கள்.

பிறந்த ஊர் எது?

தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் என்றதும் செய்தித்தாள்கள் வரிக் குறைப்பைப் பற்றியே எழுதும். ஆனால் ஒப்பந்தத்தின் உயிர் பிறப்பிட விதிகளில் இருக்கிறது. ஒரு சரக்கு உண்மையிலேயே அந்த நாட்டில் பிறந்ததா, இல்லை வேறு எங்கிருந்தோ வந்து பெட்டி மாறியதா என்று தீர்மானிப்பவை அவை. ஐரோப்பிய ஒன்றியம் டி-சர்ட்டுக்கு விதிக்கும் பொது வரி 12 சதவீதம். மிகக் குறைந்த வளர்ச்சி பெற்ற நாடு என்ற முறையில் வங்கதேசத்துக்கு அந்த வரி இல்லை. அதுமட்டும் வங்கதேசத்தின் பலம் என்று எண்ணிவிடக் கூடாது. 2011 முதல் அந்த வகை நாடுகள் துணியை எங்கிருந்து வாங்கினாலும், தையல் தங்கள் நாட்டில் நடந்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. இலங்கை போன்ற நாடுகளுக்கோ துணியும் தையலும் என இரண்டு கட்டங்கள் உள்நாட்டில் நடக்க வேண்டும் என்ற விதி பொருந்தியது. அமெரிக்கா தன் ஒப்பந்தங்களில் இன்னும் பின்னே போய், நூலிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கேட்பது வழக்கம். ஒரே சட்டை, ஒரே தையல். ஆனால் நூல், துணி, தையல் என எந்தக் கட்டத்தில் கோடு கிழிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரு நகரத்தின் ஆலைகள் வாழும் அல்லது வாடும்.

இதை நம் வாசற்படியிலேயே பார்க்கலாம். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர் 28ஆம் தேதி கையெழுத்திட்ட தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 2000 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டில் 35 சதவீத மதிப்புக் கூட்டல் நடந்தால் வரிச்சலுகை உண்டு என்பது அதன் பொது விதி. பாமாயிலுக்கு இந்தியாவில் வரி அதிகம், இலங்கையில் குறைவு. இதைக் கண்ட முதலீட்டாளர்கள் இலங்கையில் ஆலைகளை நிறுவி, பாமாயிலை அங்கே இறக்கி, வனஸ்பதியாக மாற்றி, வரியின்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள்; செம்புப் பொருள்களிலும் இதே கதை நடந்தது. இந்திய உற்பத்தியாளர்கள் குரல் எழுப்பிய பிறகு வனஸ்பதிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அளவுக் கட்டுப்பாடு வந்தது. விதியை எழுதியவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. விதி எழுதப்பட்டபோது வரி இடைவெளியின் மேல் யாரும் வணிகனின் கண்ணோடு பார்க்கவில்லை என்பதே குறை. அதே ஒப்பந்தத்தில் இலங்கை ஆடைகளுக்கு ஆண்டுக்கு 80 லட்சம் உருப்படிகள் என்றும், தேயிலைக்கு 1.5 கோடி கிலோ என்றும் வரம்புகள் இருந்தன. ஆடைகளில் பெரும்பகுதிக்கு இந்தியத் துணியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் தொடக்கத்தில் நிபந்தனை இருந்தது. கதவைத் திறந்துகொண்டே தாழ்ப்பாளையும் போட்டுவைப்பது எப்படி என்பதற்கு அந்த ஒப்பந்தத்தின் இணைப்புகள் நல்ல பாடம். இந்தத் துறைக்கு வர நினைக்கும் தமிழ் வாசகர் முதலில் படிக்க வேண்டிய ஒப்பந்தம் அதுவே என்பது என் கருத்து: அளவில் சிறியது, கண்ணெதிரே விளைவு தெரிவது, இரு கரையிலும் தமிழர் வணிகம் நடப்பது.

சட்டத்தை வாசிக்கும் முறை

1947 அக்டோபர் 30ஆம் தேதி ஜெனீவாவில் 23 நாடுகளின் பேச்சுவார்த்தையில் முடிந்த, சுங்க வரி, வர்த்தகம் பற்றிய பொது உடன்பாடான காட் ஒப்பந்தத்தில் இந்தியாவும் அன்றைய சிலோனும் தொடக்க உறுப்பினர்கள். 1986இல் உருகுவேயின் புந்தா தெல் எஸ்தேயில் தொடங்கிய பேச்சுவார்த்தைச் சுற்று 1994 ஏப்ரல் 15ஆம் தேதி மராகேஷில் கையெழுத்தாகி, 1995 ஜனவரி 1 முதல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அந்த ஒப்பந்தத் தொகுதியை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தொடங்கினால் மூன்றாம் நாளில் மூடிவிடுவீர்கள். ஒரு வழக்கை எடுத்து, அது தொடும் பிரிவுகளை மட்டும் படிப்பதே நடைமுறைக்கு உகந்த வழி.

நான் முதலில் கொடுப்பது இறால் வழக்கு. கடலாமைகளைக் காக்கும் வலைச்சாதனம் இல்லாமல் பிடிக்கப்பட்ட இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் வழக்குத் தொடுத்தன. 1998 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு அளித்த தீர்ப்பை நம் ஊரில் பலர் அமெரிக்காவின் தோல்வி என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆமைகளைக் காக்கும் நோக்கம் விதிவிலக்குகளைத் தரும் காட் ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவின் கீழ் ஏற்கத்தக்கதே என்று தீர்ப்பு சொன்னது. அந்த நோக்கத்தை நடைமுறைப்படுத்திய விதம்தான் தோற்றது: கரீபியப் பகுதி நாடுகளுடன் பேச்சு நடத்தி மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்த அமெரிக்கா, மற்றவர்களுக்கு நான்கு மாதம் மட்டுமே கொடுத்தது. நாடுகளிடையே நியாயமற்ற பாகுபாடு கூடாது என்று சொல்லும், பிரிவின் தலைப்பில் உள்ள முன்னுரைப் பத்தியே வழக்கை முடித்துவைத்தது. பின்னர் அமெரிக்கா தன் விதிமுறையைத் திருத்திக்கொண்டது, தடை நீடித்தது. எவர் வென்றார், எதை வென்றார் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுத்தரும் தீர்ப்பு இது.

இரண்டாவதாக, நெல். தஞ்சாவூரின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் உழவர் இறக்கும் மூட்டைக்கும் உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் வேளாண் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பிலுள்ள ஓர் அடிக்குறிப்பைப் படிக்க வேண்டும். உணவு இருப்புக்காக அரசு வாங்கும் விலைக்கும், அயல்நாட்டு ஒப்பீட்டு விலைக்கும் உள்ள வேறுபாடு மானியமாகக் கணக்கிடப்படுகிறது. வளரும் நாடுகளுக்கு உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் வரை அனுமதி. சிக்கல் எங்கே என்றால், அந்த ஒப்பீட்டு விலை 1986 முதல் 1988 வரையிலான ஆண்டுகளின் விலையில் உறைந்து நிற்கிறது. முப்பது ஆண்டுக்கும் மேலான பணவீக்கத்தைத் தாங்கிய இன்றைய கொள்முதல் விலையை அந்த நாள் விலையோடு ஒப்பிட்டால் மானியம் ஊதிப் பெருகித்தான் தெரியும். 2013இல் பாலியில் இந்தியா பெற்றது நிரந்தரத் தீர்வு வரும்வரை வழக்குத் தொடுக்கமாட்டோம் என்ற சமாதான விதி. 2014 நவம்பரில் அது காலவரையறையின்றி நீடிக்கும் என்று தெளிவானது. 2018-19 பருவத்தின் அரிசிக்கு இந்தியா 10 சதவீதத்தைத் தாண்டியதாக அறிவித்து அந்த விதியைப் பயன்படுத்திக்கொண்டது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்காதவர், உணவுப் பாதுகாப்பைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், ஜெனீவாவில் எடுபடமாட்டார்.

சேவை வர்த்தகத்தைப் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். எல்லை தாண்டி வழங்குதல், நுகர்வோர் அயல்நாடு செல்லுதல், நிறுவனம் அமைத்தல், ஆட்கள் தற்காலிகமாகச் செல்லுதல் என்று நான்கு முறைகள் உண்டு. நான்காவதில் இந்தியாவுக்கு விருப்பம் அதிகம், மற்ற நாடுகளுக்குத் தயக்கம் அதிகம். செவிலியர், மென்பொருள் பொறியாளர் வேலைகளில் ஆர்வம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வரலாம்.

வழக்குத் தீர்வு முறையில் ஒரு செய்தியை மறக்கக் கூடாது. புதிய உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா தடை போட்டதால், 2019 டிசம்பருக்குப் பிறகு மேல்முறையீட்டு அமைப்பு செயல்படவில்லை. தோற்ற நாடு மேல்முறையீடு செய்தால் வழக்கு வெற்றிடத்தில் தொங்கும். சர்க்கரை மானிய வழக்கில் 2021இல் தோற்ற இந்தியாவும் அப்படித்தான் செய்தது. இதனால் சட்டம் வீணாகிவிட்டது என்று பொருளல்ல. தீர்ப்பால் கிடைத்ததைப் பேச்சால் பெற வேண்டிய காலம் வந்திருக்கிறது. ஆகவே சட்டமறிந்த பேச்சுவார்த்தையாளருக்குத் தேவை கூடியிருக்கிறது.

எங்கே படிப்பது, எப்படி நுழைவது

பொருளாதாரம், சட்டம், பன்னாட்டு உறவுகள் ஆகிய மூன்றில் ஒன்றில் ஆழமும் மற்ற இரண்டில் அறிமுகமும் வேண்டும். இளங்கலையில் எதை எடுத்தீர்கள் என்பது அவ்வளவு முக்கியமல்ல. வேளாண்மை, ஜவுளித் தொழில்நுட்பம், மீன்வளம் படித்தவர்கள் இத்துறைக்கு வந்தால் அது ஒரு பலம் என்றே சொல்வேன். பழ ஈயைப் பற்றி அறிந்தவரின் மதிப்பு 2014 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பழ ஈயைக் காரணம் காட்டி இந்திய மாம்பழத்தைத் தடை செய்தபோது தெரிந்தது.

முதுகலைக்கு, 1963இல் தொடங்கப்பட்டு டெல்லியில் இயங்கும் இந்திய அயல்நாட்டு வர்த்தக நிறுவனத்தை முதலில் சொல்ல வேண்டும். அரசுக்கு ஆய்வு உதவி அளிக்கும் உலக வர்த்தக அமைப்பு ஆய்வு மையம் 1999இல் அங்கேதான் அமைந்தது. சட்டம் படிப்பவர்கள் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பன்னாட்டு வர்த்தகச் சட்டத்தைத் தேர்ந்து, ஜான் எச். ஜாக்சன் பெயரிலான மாதிரி நீதிமன்றப் போட்டியில் ஒருமுறையாவது வாதாட வேண்டும். ஒரு கற்பனை வழக்கில் முறையிடும் நாட்டுக்கும் பதிலளிக்கும் நாட்டுக்கும் ஒரே அணி வாதாட வேண்டியிருப்பதால், எதிராளியின் காகிதத்தை அவரை விட நன்றாக எழுதிப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்துவிடும். உலக வர்த்தக அமைப்பே இலவசமாக இணையவழிப் பாடங்களை நடத்துகிறது. வெளிநாட்டில் படிக்க வசதி உள்ளவர்களுக்கு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள உலக வர்த்தக நிறுவனம் இத்துறைக்கென்றே இயங்குவது.

இந்திய அரசின் சார்பில் மேசையில் உட்கார வேண்டுமென்றால் மத்தியத் தேர்வாணையத்தின் வழி பெரும்பாலும் தவிர்க்க முடியாதது. ஐ.ஏ.எஸ்., அயலுறவுப் பணியான ஐ.எஃப்.எஸ்., சுங்கத் துறையின் வருவாய்ப் பணி ஆகியவற்றிலிருந்து வணிக அமைச்சகத்துக்கும் ஜெனீவாவில் உள்ள இந்தியாவின் நிரந்தரத் தூதுக்குழுவுக்கும் அதிகாரிகள் செல்கிறார்கள். அதே தேர்வின் வழியாகச் சேரும் இந்திய வர்த்தகப் பணியை நம் மாணவர்கள் பலர் விருப்பப் பட்டியலில் எழுதுவதேயில்லை. அயல்நாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் முதுகெலும்பு அந்தப் பணிதான். பொருளாதார முதுகலை முடித்தவர்களுக்கு இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு தனியே உண்டு. பொதுப்பணி அதிகாரிகளுக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை: ஒருவர் மீன்வள மானியத்தில் தேர்ச்சி பெற்று, எதிராளியின் குணமும் பழகி, பேச்சு கனியும் நேரத்தில் வேறு துறைக்கு மாற்றப்படுவார். எதிர்ப்பக்கத்தில் பல ஆண்டுகளாக அதே நாற்காலியில் இருப்பவர் புன்னகைப்பார். இந்த ஓட்டையை அடைப்பதற்காகத்தான் ஆய்வு மையங்களிலும் சட்ட மையங்களிலும் நிலையான வல்லுநர்கள் தேவைப்படுகிறார்கள்.

தேர்வெழுத விரும்பாதவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டெல்லி அல்ல. சென்னையில் தலைமையகம் கொண்ட தோல் ஏற்றுமதிக் குழு, கோயம்புத்தூரின் தென்னிந்திய மில்கள் சங்கம், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம், கொச்சியில் உள்ள நறுமணப் பொருள் வாரியம், கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் போன்ற இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பாருங்கள். ஏற்றுமதியாளர் ஒருவர் சுங்கத்தில் பெட்டி நின்றுபோய்த் தொலைபேசியில் கத்தும்போது, ஒப்பந்தத்தின் எந்த உட்பிரிவு அவர் வயிற்றில் அடிக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ஈடான பயிற்சி எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. அயல்நாட்டுச் சரக்கு அடக்கமற்ற மலிவு விலையில் கொட்டப்படுவதற்கு எதிரான ஆன்டி டம்பிங் விசாரணைகளைக் கையாளும் சட்ட நிறுவனங்கள் இன்னொரு நல்ல நுழைவாயில். அங்கே கணக்கேடும் சட்டப்புத்தகமும் ஒரே மேசையில் இருக்கும்.

பேச்சுவார்த்தை, நீதி என்ற இரு கரைகளையும் ஒருவரே கடந்ததற்கு ஏ.வி. கணேசன் எடுத்துக்காட்டு: உருகுவே சுற்றின் முக்கிய ஆண்டுகளில் இந்தியாவின் தலைமைப் பேச்சுவார்த்தையாளராகவும் வணிகச் செயலாளராகவும் இருந்தவர், பின்னர் 2000 முதல் 2008 வரை மேல்முறையீட்டு அமைப்பின் உறுப்பினராகப் பணியாற்றினார்.

மேசையில்

முதல்முறை பேச்சுவார்த்தை அறைக்குள் போகும் இளைய அதிகாரிக்குப் பேசும் வேலை இருக்காது. குறிப்பெடுக்கும் வேலைதான் இருக்கும். அதை இழிவாக நினைக்க வேண்டாம். யார் எதைச் சொன்னார் என்பதைவிட, யார் எதற்கு மறுப்புச் சொல்லவில்லை என்பதைக் குறித்துவைப்பவர்தான் மூன்றாம் சுற்றில் குழுத் தலைவருக்கு வேண்டியவராகிறார்.

வரைவு உரைகளில் ஒப்புக்கொள்ளப்படாத பகுதிகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைப்பார்கள். பேச்சுவார்த்தை என்பதே அந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் வேலை. எந்த அடைப்புக்குறியை நாம் கழற்றத் தயார், எதற்கு ஈடாகக் கழற்றுவோம், எதைக் கழற்றவே கூடாது என்ற மூன்று பட்டியலும் கையில் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. மூன்றாவது பட்டியல் மிகச் சிறியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் எல்லாமே உயிர்நாடி என்று சொல்பவரின் எந்தச் சொல்லையும் எதிராளி நம்புவதில்லை. வினைச்சொற்களைக் கவனியுங்கள். 'செய்யும்' என்பதும் 'செய்ய முயலும்' என்பதும் காகிதத்தில் ஒரு சொல் வேறுபாடு. ஒன்று வழக்குக்குப் போகும், மற்றது போகாது. 2015 பாரிஸ் காலநிலை உடன்பாட்டின் இறுதி நேரத்தில் கட்டாயச் சொல் ஒன்று விருப்பச் சொல்லாக மாற்றப்பட்ட பிறகே அமெரிக்கா இணங்கியது என்பதைத் தூதரக உலகம் இன்றும் பேசுகிறது.

அடிப்படை ஆண்டு போன்ற சிறு எண்களையும் விட்டுவிடக் கூடாது. ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆர்செப் ஒப்பந்தத்திலிருந்து 2019 நவம்பர் 4ஆம் தேதி பாங்காக்கில் இந்தியா விலகியதற்குப் பால் உற்பத்தியாளர்களின் அச்சமும் சீன இறக்குமதியும் பெரிதாகப் பேசப்பட்டன. எந்த ஆண்டின் வரியிலிருந்து குறைப்பைத் தொடங்குவது என்ற கேள்வியும் அந்தப் பேச்சில் ஒரு முள்ளாக இருந்தது. 2014ஐ அடிப்படையாகக் கொண்டால், அதன்பின் இந்தியா உயர்த்திய வரிகள் எல்லாம் ஒரே நாளில் மறைந்துவிடும். ஆகவே 2019 வேண்டும் என்று இந்தியா கேட்டது. எழுந்து வெளியே நடப்பதும் ஒரு பேச்சுவார்த்தை முடிவே. ஆனால் எந்தக் கதவு வழியாகத் திரும்ப வரலாம் என்று தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். உலக வர்த்தக அமைப்பின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகியவை. ஆங்கிலம் சட்ட வாசகம் எழுதும் அளவுக்கு வேண்டும். பிரெஞ்சு தெரிந்தால் ஆப்பிரிக்க நாடுகளின் பிரதிநிதிகளோடு தேநீர் இடைவேளையில் உட்கார முடியும். கூட்டணிகள் பிறப்பது தேநீர் இடைவேளைகளில்தான்.

ஊரில் நடக்கும் கடினமான பேச்சு

வெளிநாட்டாரோடு பேசுவதைவிட உள்நாட்டாரோடு பேசுவது கடினம் என்பதை இத்துறையில் உள்ள எவரும் ஒப்புக்கொள்வார். நூல் ஆலை உரிமையாளருக்கு இறக்குமதி நூலின் மேல் வரி வேண்டும். அதே நூலை வாங்கிப் பின்னும் திருப்பூர்க்காரருக்கு அது வேண்டாம். வேளாண் அமைச்சகம் ஒன்றைச் சொல்லும், நுகர்வோர் விலையைப் பார்க்கும் அமைச்சகம் வேறொன்றைச் சொல்லும். மீன்வள மானியப் பேச்சில், ஆழ்கடலில் மாதக்கணக்கில் நிற்கும் பெருங்கப்பல்களின் மானியமும், இராமேசுவரத்து நாட்டுப் படகுக்காரர் வாங்கும் டீசல் மானியமும் ஒரே சொல்லால் அழைக்கப்படுகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டும் எண்கள் கடற்கரைக் கிராமங்களிலிருந்து வர வேண்டும், ஜெனீவாவிலிருந்து வராது. ஆகவே பயிற்சிக் காலத்திலேயே ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் தேர்ந்த பொருளால் ஆதாயம் பெறும் ஒருவரையும், இழக்கும் ஒருவரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சந்தித்து, அவர்களுடைய செலவுக் கணக்கைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் மிகைப்படுத்துவார்கள், எவ்வளவு மிகைப்படுத்துகிறார்கள் என்று கணிக்கக் கற்பதும் தொழிலின் ஒரு பகுதி.

கையெழுத்துக்குப் பிறகு படக்கருவிகள் போய்விடும், வேலை போகாது. இந்திய-ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தம் 2022 பிப்ரவரியில் கையெழுத்தாகி மே மாதத்திலேயே நடைமுறைக்கு வந்தது ஒரு விதிவிலக்கு. ஐரோப்பாவின் எஃப்டா நாடுகளுடன் (சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன்) 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தம் உயிர்பெற 2025 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட மாதங்களில் சட்ட வாசகம் சரிபார்க்கப்படும், மொழிபெயர்ப்புகள் ஒப்பிடப்படும், நாடாளுமன்றங்கள் ஒப்புதல் கொடுக்கும், சுங்க அறிவிக்கைகள் எட்டு இலக்க எண் வாரியாக எழுதப்படும். அறிவிக்கை வெளியான மறுநாள் காலை, தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஒரு சரக்கு முகவர் அழைத்து, தன் பெட்டிக்கு எந்தப் பிறப்பிடச் சான்று வேண்டும், யார் கையெழுத்திட வேண்டும் என்று கேட்பார். அந்த எண்ணையும் அந்த விதியையும் பேசி முடித்தவர் என்ற முறையில், பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.